டொனி பென்: பதவியும் அதிகாரமும்

பதவிக்கு வருமுன் இடதுசாரியாயிருந்து, பதவியில் அமர்ந்தபின் வலதுபுறம் சாய்தல் பிரித்தானியத் தொழிற் கட்சி அமைச்சர் பலரின் வரலாறாகும். டொனி பென் (1925–2014) இதற்கு விதிவிலக்கானவர். 1950இல் பாராளுமன்றம் புகுந்த அவர், 1960இல் தந்தைவழி வந்த பிரபுப் பட்டத்தைத் துறக்கப் போராடி, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வெற்றிபெற்றார். 1966இல் தொழினுட்ப அமைச்சரானபோது, விஞ்ஞானமும் திறமையான நிர்வாகமும் பொருளாதாரத்தைச் சீர்செய்யும் என்றே நம்பினார்.

அந்நம்பிக்கையை அனுபவம் தகர்த்தது. 1974இல் கைத்தொழில் அமைச்சரான அவர், மெரிடன் மோட்டார் சைக்கிள் தொழிலாளரின் கூட்டுறவுக்கு அரச ஆதரவு தேடியபோது உயர் அதிகாரிகளின் எதிர்ப்பைச் சந்தித்தார். 1975இல் ஐரோப்பியப் பொதுச்சந்தை பற்றிய மக்கள் தீர்ப்பில் அவர் தரப்புத் தோற்றதும், பிரதமர் வில்சன் அவரைச் சக்தி அமைச்சுக்கு மாற்றினார். 1976இல் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்காக அரச செலவினங்கள் வெட்டப்பட்டன. அவரது மாற்றுத் திட்டத்தை அமைச்சரவை நிராகரித்தது.

ஆயினும், 1979இல் ஆட்சி வீழும்வரை அவர் பதவி துறக்கவில்லை. அவரது வாழ்வின் மைய முரண்பாடு இதுவே. 1968–72 காலத்து நாட்குறிப்புத் தொகுதிக்கு அவர் இட்ட தலைப்பு, 'அதிகாரமற்ற பதவி' எனப் பொருள்படும். அரசு இயந்திரம் வர்க்கச் சார்பற்ற கருவியன்று என்பதை உள்ளிருந்தே கண்டுணர்ந்த அவர், 2001வரை பாராளுமன்றப் பாதையையே நம்பினார். அவரது நேர்மை ஐயத்துக்கிடமற்றது. அந்நேர்மையாலும் கடக்கமுடியாத எல்லை எதுவென்பதே அவரது வரலாறு நமக்குணர்த்தும் பாடமாகும்.