உப்புக்கரைக் குறிப்புகள் – 9: கறளோடு மல்லுக்கட்டு

விடியும் நேரத்தில் மன்னார்த் தீவின் பேசாலைக் கரைக்கு வந்து நிற்கும் மீன் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்களை, விற்பனை நிலையத்து விளம்பரப் படத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுகூட ஒத்துவராது. பின் சீற் இருந்த இடத்தில் இரும்புக் கரியர். அதன்மேல் ரெஜிபோம் பெட்டி. பெட்டி ஆடாதிருக்கப் பழைய ரியூப்பை நீளவாட்டில் வெட்டி எடுத்த ரப்பர் வார். கம்பனி போட்ட மட்காட்டுக்குக் கீழே இன்னும் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர்த் தகடு. சைலன்சரில் குரோம் பளபளப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பெயின்ற்.

கொழும்பில் ஒரு இளைஞன் பைக்கை மாற்றியமைக்கிறான் என்றால் ஸ்டிக்கர், அகலமான ரயர், குட்டையான ஹாண்டில் என்று பேச்சு போகும். லண்டனில் 1938இல் திறந்த ‘ஏஸ் கஃபே’ வாசலில், போருக்குப் பிந்திய பையன்கள் தங்கள் பைக்குகளின் பாரத்தைக் குறைத்து வேகத்துக்காக முறுக்கிவிட்ட கதையிலிருந்து வருகிற மரபு அது. மன்னாரில் வேகத்துக்கு வேலை இல்லை. தீவின் நீளமே 26 கிலோமீற்றர்தான். இங்கே பைக்கில் ஒரு போல்ட்டை மாற்றினாலும் அதற்குப் பின்னால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: உப்பு, பாரம், தட்டுப்பாடு.

மாற்றத்துக்கு உள்ளாகும் வண்டிகளில் பெரும்பாலானவை மலிவு விலை இந்திய நூறு சீசீக்கள். அவற்றில் பஜாஜ் சி.டி.100 தனி ரகம். 99.27 சீசீ, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், நான்கு கியர், காபுரேற்றர். கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்கு ஒளித்துவைக்க எதுவும் இல்லாத இஞ்சின். பத்து, பன்னிரண்டு, பதினான்கு நம்பர் ஸ்பனர்களும் ஒரு பிளக் ஸ்பனரும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். புதிய மொடல்களில் காபுரேற்றர் போய் எரிபொருளை மின்னணு முறையில் பீச்சும் கருவி வந்துவிட்டது. புகை குறைகிறது என்பது உண்மை. ஆனால் கோளாறு வந்தால் கணினி தேடி ஓடவேண்டும். பழைய சி.டி.100ஐ விற்க மனமில்லாமல் பலர் வைத்திருப்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

விற்றால் புதிது வாங்கமுடியாத காலமும் ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பாவித்த பைக்குகளின் விலை, அவை புதிதாக வாங்கப்பட்ட விலையையே தாண்டிப் போனது. வைத்திருந்தவர்கள் வைத்திருந்ததைக் காப்பாற்றியாக வேண்டும். அப்படிக் காப்பாற்றும் வேலையில் மன்னாருக்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது. அதன் பெயர் கறள்.

கறளுக்குத் தண்ணீர் போதும், உப்பு எதற்கு என்று கேட்கலாம். உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கரையும் குணமுள்ளது. சோடியம் குளோரைட்டுக்கு அந்த எல்லை 75 வீத ஈரப்பதன். கடலோர இரவுகளில் அதைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே மழையே பெய்யாத நாளிலும், திண்ணையோரம் நிறுத்திய பைக்கின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இரவு முழுக்க இருக்கிறது. அதிலுள்ள குளோரைட்டு, இரும்பின்மேல் காப்பாக நிற்கும் மெல்லிய ஒக்சைட்டுத் தோலைத் துளைக்கிறது. குரோமும் தப்புவதில்லை. குரோம் பூச்சு நுண்ணிய வெடிப்புகள் நிறைந்தது. அவற்றின் வழியே ஈரம் உள்ளே போய், நிக்கலைக் கடந்து, இரும்பைத் தொட்டதும் மேற்பரப்பில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். அந்தப் புள்ளியைத் தேய்த்துத் துடைப்பவர் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கிறார்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோழகம் தெற்குக் கரையைச் சாத்தும். பிறகு வாடை வடக்குக் கரையைப் பிடித்துக்கொள்ளும். ஒடுங்கிய தீவு. எந்தக் காற்றானாலும் கடலைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறது.

இதே காற்றை நம்பித்தான் தெற்குக் கரையில் ‘தம்பபவனி’ காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட திட்டம். 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாற். கடலோர இரும்புக் கட்டுமானம் என்றால் வழக்கம் இது: மணல் பீச்சி உலோகத்தைச் சுத்தமாக்குவார்கள், துத்தநாகம் செறிந்த அடிப்பூச்சு, அதன்மேல் எபொக்சி, கடைசியில் வெயிலைத் தாங்கும் பொலியூரித்தேன். காற்று எவ்வளவு அரிக்கும் என்பதை அளந்து வகைப்படுத்தச் சர்வதேசத் தர அளவே உண்டு. உலர்ந்த அறைக்கு சீ1, கடுமையான கடலோரத்துக்கு சீ5 என்று ஏறிக்கொண்டு போகும். நூறு சீசீ பைக்கின் விலையில் இப்படி மூன்று அடுக்குப் பூச்சை எந்தக் கம்பனியும் தராது. ஆனால் அந்தக் கோபுரத்தின் பாடத்தை வீட்டில் படிக்கலாம்: பெயின்ற் நிற்பதும் உரிவதும் அதற்கு அடியிலுள்ள வேலையைப் பொறுத்தது.

வீட்டில் அது இப்படி நடக்கும். சேஸில் கறள் கண்ட இடத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை சுரண்டவேண்டும். பிறகு செய்யவேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: நல்ல தண்ணீரால் கழுவுவது. சுரண்டிய குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும்; அதை அடைத்துப் பெயின்ற் அடித்தால் சில மாதங்களில் கொப்புளமாக எழும்பும். தீவில் பல கிணறுகளின் தண்ணீரே உவர். உவர்நீரால் பைக்கைக் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல். மழைக்காலத்தில் பிடித்துவைத்த தண்ணீர் ஒரு வாளி இந்த வேலைக்குப் போதும். நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே அடிப்பூச்சு. அடுத்த நாள் என்று வைத்தால் இரவுக்காற்று மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். அடிப்பூச்சின்மேல் இரண்டு பூச்சுப் பெயின்ற். குழாய்களின் உட்புறத்துக்குத் தூரிகை எட்டாது. அதற்குப் பழைய இஞ்சின் ஒயிலை விட்டு வண்டியை இப்படியும் அப்படியும் சரித்து ஓடவிடுவதுண்டு. அழுக்கான வழிதான், ஆனால் பலன் தரும்.

கறள்பிடித்த போல்ட்டுகளை எடுத்துவிட்டு ஸ்ரெயின்லெஸ் போல்ட்டுகளைப் போடுவது இப்போது பரவலான ஆசை. அங்கே ஒரு பொறி இருக்கிறது. இஞ்சின் மூடிகள் அலுமினியம். உப்புநீர் நடுவில் நிற்க, அலுமினியமும் ஸ்ரெயின்லெஸ்ஸும் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு சின்ன பற்றரி. தேய்ந்து போவது அலுமினியம். இரண்டு வருடம் கழித்துக் கழற்றப் போனால் புரியோடு சேர்த்துப் பிய்ந்து வரும். போல்ட்டின் புரியில் கிறீஸ் தடவிப் பூட்டினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மின்வயர்கள் சேஸோடு சேரும் முனைகளுக்கும், பல்ப் ஹோல்டருக்கும் அதே வைத்தியம். வெளிச்சம் மங்குகிறது என்று புதிய பற்றரி வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு, ஒரு முனையைச் சுரண்டிக் கிறீஸ் பூசியிருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

சைலன்சர் தனிக்கதை. அது உள்ளிருந்தும் அரிபடும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. தூரம் ஓடினால் சூட்டில் போய்விடும். வீட்டிலிருந்து கரை, கரையிலிருந்து சந்தை என்று குட்டிக் குட்டியாக ஓடும் வண்டியில் அது உள்ளேயே குளிர்ந்து, அடியில் தேங்கும். சைலன்சரின் ஆகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீற்றரில் ஒரு துளை போட்டுவிட்டால் தண்ணீர் சொட்டி வெளியேறும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் மாற்றங்களிலேயே மிக மலிவானது இதுதான்.

இனிப் பாரம். மீன் பெட்டியையும் ஐஸையும் பின்னால் ஏற்றியதும் வண்டியின் மூக்கு நிமிர்கிறது; ஹெட்லைற் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. கரியர் செய்யும்போது பெட்டியைப் பின்சக்கர அச்சுக்குப் பின்னே தள்ளாமல் முன்னே இழுத்து வைப்பதில்தான் வெல்டரின் கெட்டித்தனம் தெரியும். பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ்தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, மீனின் உப்பும் கலந்தது. அது நேரே செயினிலும் பின் பிறேக்கிலும் விழுந்தால் சோழகக் காற்று ஒரு வருடத்தில் செய்வதை அது ஒரு மாதத்தில் செய்துவிடும். பெட்டியின் அடியில் ஓட்டைக்கு ஒரு பிளாஸ்ரிக் குழாய் பூட்டி, செயினிலும் பிறேக்கிலும் படாதபடி இறக்கிவிடவேண்டும்.

மணல் ஒழுங்கைகளில் பாரத்தோடு இழுக்க வேகத்தை விட்டுக்கொடுக்கலாம். செயின் ஓடும் முன் பற்சக்கரத்தில் 14 பல், பின்னதில் 42 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 3. முன்னே 13 பல் போட்டால் 3.23. இழுவை கிட்டத்தட்ட எட்டு வீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும். தலைமன்னார் வீதியில் தினமும் ஓடுபவருக்கு இது நட்டம்; கரையோடு மட்டும் திரிபவருக்கு லாபம்.

மூன்றாவது காரணம் தட்டுப்பாடு என்றோம். வடக்கில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 1990களின் மண்ணெண்ணெய் வண்டிகளுக்குப் போகாமல் பேச்சு முடியாது. மன்னார்த் தீவு இராணுவத்திடமும், பெருநிலத்தில் அடம்பன், விடத்தல்தீவுப் பக்கங்கள் புலிகளிடமும் இருந்த காலம். அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குப் பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் தடை. 2002இல் போர்நிறுத்தத்தோடுதான் அந்தத் தடை தளர்ந்தது. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்ட சிவப்பு ஹொண்டா எம்.டி.90 அக்காலத்து வன்னியின் அடையாள வண்டி. அது மண்ணெண்ணெயில் ஓடியது.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றர் வாயில் விட்டு உதைப்பார்கள். இஞ்சின் சூடாகும்வரை அந்தத் துளிகள், சூடானதும் மண்ணெண்ணெய். அதன் ஒக்ரேன் குறைவு என்பதால் அழுத்தம் கூடினால் இஞ்சின் தட்டும். சிலிண்டர் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கெற் சேர்த்து அழுத்தத்தைக் குறைப்பது அதற்கு மாற்று. பிளக் கரிபிடிக்கும், எரியாத எண்ணெய் இறங்கி இஞ்சின் ஒயிலை நீர்க்கவைக்கும். இதையெல்லாம் ஒரு பொறியியல் பீடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் கரையோரத்தவருக்கு இந்தச் சூத்திரம் முற்றிலும் புதிதுமல்ல. படகுகளில் பூட்டும் மண்ணெண்ணெய் வெளியிணைப்பு இஞ்சின்கள் பெற்றோலில் தொடங்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறும்படியே செய்யப்பட்டவை. கடலில் அது கம்பனியின் வடிவமைப்பு, தரையில் அதையே கையால் செய்துகொண்டார்கள்.

அதே ஆண்டுகளில் பூமியின் மறுபக்கத்தில் கியூபா தவித்துக்கொண்டிருந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து எரிபொருள் வரத்து நின்றதும், அங்கே சைக்கிளில் தண்ணீர்ப் பம்பின் மோட்டாரைப் பூட்டி, சோடாப் போத்தலையே பெற்றோல் தாங்கியாக்கி ஓட்டினார்கள். அதற்கு ‘ரிக்கிம்பிலி’ என்று பெயர். எர்னெஸ்ரோ ஒரோஸா என்ற கியூபக் கலைஞர் அவற்றைத் தேடித்தேடிச் சேகரித்து, ‘தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை’ என்று பெயர் சூட்டி உலகத்துக்குக் காட்டினார். நம் மண்ணெண்ணெய் எம்.டி.90க்கு அப்படியொரு ஆவணக்காரர் வாய்த்திருக்கலாம்.

2022இல் தட்டுப்பாடு நாடு முழுவதற்குமாகத் திரும்பி வந்தது. கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல். மண்ணெண்ணெயும் கிடைக்காமல் வடக்கின் படகுகள் கரையில் கிடந்ததால் பழைய வித்தைக்கும் வழியில்லை. அந்த நாட்களின் தழும்பு சில தாங்கிகளுக்குள்ளே இருக்கிறது. பத்து லீற்றர் கொள்ளும் தாங்கியில் எப்போதும் நான்குக்குக் கீழேயே கிடந்தால், மீதி இடமெல்லாம் ஈரக் காற்று. உட்சுவர் கறளாகி, அது உதிர்ந்து காபுரேற்றர் ஜெற்றை அடைக்கும். வீட்டு வைத்தியம் எளிது. தாங்கியைக் கழற்றி, வினாகிரியோ கெட்டிப் புளிக்கரைசலோ ஊற்றி, ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஓர் இரவு வைத்து, அப்பச்சோடாத் தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே பெற்றோல் நிரப்பவேண்டும். அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் வெல்டிங் வேண்டாம். காலியான தாங்கிதான் நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது.

வேண்டாத மாற்றங்களும் உண்டு. சைலன்சரின் உள்தகட்டைப் பிடுங்கிவிட்டுப் போடும் சத்தம் ஒன்று. கண்ணைக் குருடாக்கும் வெள்ளை எல்.ஈ.டி. இன்னொன்று. இரவில் மன்னார் நகர வீதிகளில் கழுதைகள் நிற்பது தெரிந்ததே. கழுதை தெரியக் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்ற நியாயம் சரி. ஆனால் எதிரே வருபவருக்குக் கழுதையும் தெரியாமல், உங்களையும் தெரியாமல் செய்யும் விளக்கு என்ன விளக்கு? கீழ்நோக்கிச் சாய்த்த ஒரு மஞ்சள் விளக்கும், பெட்டியின் பின்புறம் ஒட்டிய பிரதிபலிப்பு நாடாவும் அதைவிட உதவும்.

2025 ஜனவரியில் பொலிஸார் வாகனங்களின் அனுமதியற்ற பொருத்துகளைக் கழற்றும் நடவடிக்கையைத் தொடங்கியபோது பஸ்காரர்களின் எதிர்ப்புத்தான் செய்தியானது. சட்டம் மோட்டார் சைக்கிளுக்கும் ஒன்றுதான். சேஸை வெட்டி ஒட்டுவதும், இஞ்சின் மாற்றுவதும், பதிவுப் புத்தகத்திலுள்ள நிறத்தை மாற்றுவதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரியவேண்டிய விடயங்கள். கறள் சுரண்டிய பிறகு கறுப்பு வண்டிக்குக் கறுப்பையே அடிப்பது அந்த வகையில் ஒரு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

(தொடரும்)