கோட்டோரத்தில் நிற்பவன்

அறுவடை முடிந்த தலத்தெரு வயலில் கிரிக்கெட் ஆடினாலும் சரி, கல்லூரித் திடலில் ஆடினாலும் சரி, என்னைக் கோட்டோரத்தில்தான் நிறுத்துவார்கள். "அங்கே பந்து எப்போதாவதுதான் வரும், இவன் போதும்" என்பது அணித்தலைவரின் எண்ணம். அந்த மனத்தாங்கலைப் போக்கியவர் ராபர்ட்டோ கிளெமென்ட்டே என்னும் பேஸ்பால் வீரர்.

பேஸ்பாலில் தடுக்கும் அணியினர் ஒன்பது பேர். அவர்களுள் மூவர் திடலின் கடைக்கோடியில் இடம், நடு, வலம் என நிற்பர். உயர்ந்து வரும் பந்து தரையில் விழுமுன் பிடித்துவிட்டால் அடித்தவர் ஆட்டமிழப்பார். அத்துடன் வேலை முடிவதில்லை. தளம் விட்டுத் தளம் ஓடும் எதிரியை முந்திக்கொண்டு பந்து போய்ச் சேர வேண்டும். வலக்கோடியிலிருந்து மூன்றாம் தளம் வெகு தூரம். ஆகவே கைவலு மிக்கவரையே வலப்புறம் நிறுத்துவர்.

அந்த இடத்தில் நின்றவர்தாம் கிளெமென்ட்டே. 1934-இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். தந்தை கரும்புத் தோட்டத்து மேஸ்திரி. பள்ளியில் ஈட்டி எறிந்து உரமேறிய கை அவருடையது. 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ஆடினார். சிறந்த தடுப்பாட்டத்திற்கான தங்கக் கையுறை விருதை 12 முறை பெற்றார். மட்டை பிடித்து அவர் அடித்த 'ஹிட்'கள் சரியாக 3000. அவருடைய ஆங்கிலத்தை எள்ளி எழுதிய பத்திரிகைகளும் உண்டு. அவர் ஆட்டத்தை எள்ள எவராலும் இயலவில்லை.

1972 டிசம்பரில் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தால் சிதைந்தது. அனுப்பிய உதவிப் பொருள்கள் உரியவர் கைக்குப் போகவில்லை என்று கேள்வியுற்ற கிளெமென்ட்டே, தாமே விமானம் ஏறினார். டிசம்பர் 31 இரவு அவ்விமானம் கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. 2004 ஆழிப்பேரலையைக் கண்ட காரைக்கால் மக்களுக்கு அப்பயணத்தின் அருமை விளங்கும். ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 1973-இலேயே அவரைப் புகழ்க்கூடத்தில் சேர்த்தனர்.

அதே பைரேட்ஸ் அணி 2008-இல் நம் நாட்டு ஈட்டி எறிவீரர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பந்தெறிவாளர்களாக ஒப்பந்தம் செய்தது. முதன்மை லீக்கை அவர்கள் எட்டவில்லை. எனினும் அவ்வழியில் முதலில் நடந்த இந்தியர் அவர்களே.

இன்றும் நான் கோட்டோரத்தில்தான் நிற்கிறேன். ஆனால் முன்போல் பராக்குப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பந்துக்கும் இரண்டடி முன்வைத்துக் காத்திருக்கிறேன்.