சாவித்திரி வழியா, கிருஷ்ணா வழியா?

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், தீபாவளி விடுமுறை நெருங்கும்போது தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: "இம்முறை மலைக்குப் போவோமா?" என்பதே அது. மலை என்றால் பெரும்பாலும் மகாபலேசுவரந்தான். ஆதலால் இடத்தைப்பற்றிக் கருத்து வேற்றுமை தோன்றுவதில்லை, வழியைப்பற்றியே தோன்றுகிறது. "அழகான வழியாகப் போகவேண்டும்" என்பர் இளைஞர். "தலை சுற்றாத வழியாகப் போகவேண்டும்" என்பர் பாட்டிமார். இரு சாராருக்கும் உகந்த விடை உண்டா என்பதை இங்கே ஆராய விழைகின்றோம்.

சயானைவிட்டுப் புறப்பட்டு, வாஷிப் பாலத்தைக் கடந்து, பன்வேல் வரையில் வழி ஒன்றே. அப்பால் அது இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று, கோவா நெடுஞ்சாலையில் தெற்கே சென்று, மகாடு, போலாத்பூர் ஆகிய ஊர்களை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பி அம்பேநளி மலைப்பாதையில் ஏறுவது. மற்றொன்று, 2002ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச் சாலையில் கண்டாலா மலையேறி, புனேயையும் வாயி என்னும் சிற்றூரையும் கடந்து, பசர்ணி மலைப்பாதை வழியாகப் பஞ்சகனியை அடைந்து, மேலே செல்வது. முன்னது ஏறத்தாழ 220 கிலோமீட்டர். பின்னது 260 கிலோமீட்டர்.

தூரத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பழைய மகாபலேசுவரத்தில் பஞ்சகங்கைக் கோயில் என்று ஒரு கோயில் இருக்கின்றது. கிருஷ்ணா, கொய்னா, வெண்ணா, சாவித்திரி, காயத்திரி என்னும் ஐந்து ஆறுகளும் அங்கே பிறப்பதாக ஐதீகம். அவற்றுள் சாவித்திரி மேற்கே இறங்கி அரபிக் கடலை நாடுகின்றது. கிருஷ்ணாவோ கிழக்கே திரும்பி வங்கக் கடலை நோக்கி நெடும்பயணம் போகின்றது. போலாத்பூர் வழி சாவித்திரியின் பள்ளத்தாக்கை ஒட்டியது. வாயி வழி கிருஷ்ணாவின் பள்ளத்தாக்கை ஒட்டியது. ஆற்றின் குணமே பாதையின் குணமும் ஆகும்.

சாவித்திரி வழியில், கடல் மட்டத்தினின்று அதிகம் உயராத போலாத்பூரிலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்தை 40 கிலோமீட்டருக்குள் ஒரே மூச்சில் ஏறவேண்டும். கிருஷ்ணா வழியிலோ மலை படிப்படியாக வருகின்றது. கண்டாலாவில் ஒரு படி. ஏறியதும் தக்காணத்தின் சமவெளி. பிறகு கம்பாட்கியில் ஒரு படி. வாயியில் இளைப்பாறியபின் பசர்ணியில் ஒரு படி. பாட்டிமாரின் தலைச்சுற்றலுக்கு இதுவே மருந்து.

அழகில் எது சிறந்தது? சாவித்திரி வழி அடர்ந்த காட்டின் அழகு. 1659ஆம் ஆண்டில் சிவாஜி மகாராஜா அப்சல்கானை எதிர்கொண்ட பிரதாப்கட் கோட்டையும் அதன் அருகிலேயே நிற்கின்றது. காலை வேளையில் மலையின் மேற்கு முகம் நிழலில் இருக்குமாதலால், ஏறுவோர் கண்ணில் வெயில் உறுத்தாது. கிருஷ்ணா வழி விரிந்த வெளியின் அழகு. வாயியின் ஆற்றங்கரைக் கோயில்களும், பசர்ணி ஏற்றத்தினின்று தெரியும் தோம் அணையின் நீர்ப்பரப்பும், பஞ்சகனியின் தட்டைப் பாறைமேடும் மனத்தைவிட்டு அகலா.

அழகு இவ்வாறு சமமாக இருக்க, தேர்வு செய்யவேண்டியது காலத்தைக் கொண்டே. இங்கேதான் நம்மவர் தவறிவிடக் கூடும். நம்முள் பலர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். மலையில் மழை என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது குற்றாலத்துச் சாரல். ஆனி, ஆடியில் மலைக்குப் போவதே இன்பம் என்று வளர்ந்தவர் நாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மலையின் மேற்கு முகத்தில் மோதி மேலெழுந்து, அங்கேயே பெருமழையைக் கொட்டிவிடுகின்றது. குற்றாலம் மலைக்குக் கிழக்கே இருக்கின்றது; அங்கு நமக்குக் கிடைப்பது மிஞ்சிய சாரல். மும்பையில் நாம் அதே மலைத்தொடரின் மேற்கே குடியிருக்கின்றோம். இங்கே வருவது மிச்சமன்று, முழுமையே. மகாபலேசுவரத்தில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி நான்கே திங்களில்.

2021 ஜூலை 22, 23 தேதிகளில், 24 மணி நேரத்தில் அங்கே 594 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அம்பேநளிப் பாதை பெயர்ந்து போக்குவரத்து நின்றது. 2018 ஜூலை 28 அன்று அப்பாதையிலிருந்து ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2016 ஆகஸ்டு 2 இரவு, மகாடு அருகே சாவித்திரி வெள்ளம் பழைய பாலத்தையே அடித்துச் சென்றது. அதன்மேல் சென்ற இரண்டு பேருந்துகளும் உடன் போயின. அடுத்த ஆண்டே அங்குப் புதிய பாலம் எழுந்தது. போன உயிர்கள் மீளவில்லை. அச்சமூட்ட இவற்றைக் கூறவில்லை. மூன்றும் மழைக்காலத்தில், சாவித்திரியின் பக்கத்தில் நிகழ்ந்தவை என்பதை அன்பர்கள் கருதவேண்டும்.

ஆதலின் நாம் கூறும் முடிவு இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, போவதும் வருவதும் கிருஷ்ணா வழியாகவே இருக்கட்டும். கண்டாலாவிலும் பாறை சரிவதுண்டு. எனினும் அகன்ற சாலை, அடுத்தடுத்து ஊர்கள், உதவியும் விரைவில் வரும். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் எவ்வழியும் வழியன்று, வீட்டிலிருப்பதே நன்று. மழை ஓய்ந்த அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை, விடியற்காலையில் புறப்பட்டுச் சாவித்திரி வழியாக ஏறுங்கள். திரும்பும்போது கிருஷ்ணா வழியாக, பொழுது சாயுமுன் மலையைவிட்டு இறங்குங்கள். செங்குத்தான பாதையில் இறங்குவதைவிட ஏறுவதே வண்டிக்கு எளிது. இரண்டு அழகையும் கண்டாற்போலவும் ஆகும்.

வண்டி ஓட்டுவோர்க்குச் சில சொற்கள். மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குவோர் ஒதுங்கி வழிவிடவேண்டும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவது உயிரை விலை பேசுவதாகும். வளைவில் நிறுத்திப் படம் எடுத்தல் கூடாது. குழந்தைகளுக்கு வயிறு நிறையப் புளியோதரையை ஊட்டிவிட்டு மலையேறுதலும் வேண்டா. கட்டுச்சோற்றை மேலே சென்று அவிழ்க்கலாம்.

வாடகை வண்டியில் செல்வோர் மற்றொன்றும் நினைவில் வைத்தல் வேண்டும். இரவு நாம் மெத்தையில் உறங்க, ஓட்டுநர் வண்டியின் இருக்கையில் முடங்கிக் கிடப்பது பல இடங்களில் காணும் காட்சி. மறுநாள் அவர் கையில்தான் நம் குடும்பம் முழுவதும் இருக்கின்றது. அவருக்கும் ஒரு படுக்கை ஏற்பாடு செய்வது தருமம் மட்டுமன்று, விவேகமும் ஆகும்.

மேலே சென்றதும் பஞ்சகங்கைக் கோயிலில், பசுவின் வாயாகச் செதுக்கிய கல்லினின்று விழும் நீரைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். 1976ஆம் ஆண்டில் மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் சென்னையின் தாகம் தீர்க்கக் கிருஷ்ணாவில் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. நீர் விட்டுத்தர இசைந்தன. 1983இல் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் உடன்படிக்கை ஏற்பட்டு, கால்வாய் வெட்டி, 1996இல் அந்நீர் தமிழக எல்லையை அடைந்து பூண்டி ஏரிக்குப் போயிற்று. "நாம் வாழும் ஊரின் மலையில் பிறந்த ஆறு, நம் உறவினர் வாழும் சென்னையின் குழாயில் வருகின்றது" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அந்நீரில் ஒருமுறை கையை நனைத்துக்கொள்ளட்டும்.

சென்று, நலமே திரும்பி வருக.