ஆம்பூர்க் கம்பெனி: எது சிறியது, எது பெரியது?

ஷிஃப்ட் முடிந்து ஆயிரம் பெண்கள் வெளியே வரும் ஷூ ஃபேக்டரியை ஆம்பூரில் யாரும் சின்னக் கம்பெனி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நம் கம்பெனிச் சட்டம் ‘சிறிய கம்பெனி’ எது என்று தீர்மானிக்கும்போது ஆள் கணக்கைப் பார்ப்பதே இல்லை. செலுத்திய பங்கு மூலதனம் 10 கோடி ரூபாயையும், முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல் 100 கோடியையும் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். 2025 டிசம்பரில் வந்த வரம்பு இது. அதற்கு முன் 4 கோடி, 40 கோடி என்று இருந்தது. இரண்டில் ஒன்று தாண்டினாலும் சிறிய கம்பெனி என்ற தகுதி போய்விடும். பிரிட்டனில் ஆள் எண்ணிக்கையும் ஓர் அளவுகோல். அங்கே மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும்.

நம் பக்கத்துக் குடும்பத் தொழில்கள் சறுக்கும் இடம் வேறு. டேனரி ஒரு கம்பெனி, அப்பர் தைக்கும் யூனிட் இன்னொன்று, ஏற்றுமதிக்கு மூன்றாவது என்று பிரித்து வைத்திருப்பார்கள். அப்பர் கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேல் ஏற்றுமதிக் கம்பெனியின் பெயரில் இருந்தால், ஒன்று தாய் நிறுவனம், மற்றது துணை நிறுவனம். அப்போது விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டுமே சிறிய கம்பெனி ஆகாது. அதே பங்குகள் குடும்பத்தாரின் சொந்தப் பெயர்களில் இருந்தால் இந்தத் தடை இல்லை. பப்ளிக் லிமிடெட்டுக்கு எந்த அளவிலும் சிறிய கம்பெனி என்ற தகுதி கிடையாது.

இன்னொரு குழப்பம், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் சான்றிதழ். அதில் ‘சிறு நிறுவனம்’ என்று இருப்பதால் கம்பெனிச் சட்டத்திலும் அப்படியே என்று பலர் நினைக்கிறார்கள். உத்யம் கணக்கில் ஏற்றுமதி விற்பனையைக் கழித்துவிடுவார்கள். கம்பெனிச் சட்டத்தில் அது சேரும். 180 கோடிக்கு விற்று அதில் 160 கோடி ஏற்றுமதி என்று வைத்துக்கொள்வோம். உத்யமில் விற்றுமுதல் 20 கோடி. இயந்திர முதலீடு 25 கோடிக்குள் இருந்தால் சிறு நிறுவனம்தான். ஆடிட்டர் பார்க்கும் சட்டத்திலோ அது 180 கோடிக் கம்பெனி.

சிறிய கம்பெனி என்றால் என்ன மிச்சம்? ரொக்க ஓட்ட அறிக்கை வேண்டாம். ஆண்டறிக்கைப் படிவம் சுருக்கமானது. போர்டு கூட்டம் வருடத்துக்கு இரண்டு போதும். பெரிய சலுகை, ஆடிட்டர் தனியாகத் தர வேண்டிய ‘காரோ’ அறிக்கை கிடையாது. வங்கியில் 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதன லிமிட் வாங்கியவர்களின் காலாண்டு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று அந்த அறிக்கையில் எழுதியாக வேண்டும். வெட் புளூ எத்தனை, ஃபினிஷ்டு தோல் எத்தனை என்று உத்தேசமாக எழுதி வங்கிக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வலிக்கும்.

ஆடிட்டிலிருந்து மட்டும் எந்தக் கம்பெனிக்கும் விலக்கு இல்லை. ஒரு லட்சம் மூலதனக் கம்பெனிக்கும் ஆடிட் உண்டு. கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் தடயம் பதிவாக வேண்டும் என்ற 2023 ஏப்ரல் விதியும் உண்டு. பொதுக்குழு முடிந்த 30 நாளில் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், அதற்கு உச்சவரம்பும் இல்லை. கூட்டாண்மை நிறுவனமாகவே நடக்கும் டேனரிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, எல்.எல்.பி.க்கு விற்றுமுதல் 40 லட்சத்தையோ பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டினால் ஆடிட் கட்டாயம்.

மேலே போகப் போகப் படிகள் கூடும். தனியார் கம்பெனியின் விற்றுமுதல் 200 கோடியை எட்டினால் உள் தணிக்கை, நிகர மதிப்பு 250 கோடியை எட்டினால் இந்திய கணக்கியல் தரநிலைகள்.

ரொக்க ஓட்ட அறிக்கையை மட்டும் விலக்கு இருந்தாலும் விடாதீர்கள். பச்சைத் தோலுக்கு முன்னாலேயே பணம் கொடுத்துவிட்டு, ஏற்றுமதி பில்லுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் தொழில் இது. லாபம் காட்டும் வருடத்திலும் சம்பளத்துக்குக் கை கடிக்கும். சட்டம் கேட்காவிட்டாலும் அந்த ஒரு தாளை ஆடிட்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.