பல்கலைக்கழகத் தலைமையில் மகளிர்

பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலம் மறைந்தது. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் உயர்கல்வி பயின்ற 4.33 கோடி மாணாக்கருள் 2.07 கோடிப் பேர் பெண்கள். ஆசிரியர் 15.98 லட்சம் பேருள் 43.4 விழுக்காட்டினர் மகளிர். ஆயினும், வகுப்பறையை விட்டு ஆட்சிமன்ற அறையை நோக்கி நடந்தால், அங்கே மகளிர் சிலரையே காண்கிறோம். கற்பதிலும் கற்பிப்பதிலும் ஏறத்தாழச் சமமாக நிற்பவர், தலைமை ஏற்பதில் மட்டும் பின்தங்குவது ஏன்? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

பெண்களால் இயலுமா என்னும் ஐயத்திற்கு இடமே இல்லை. 1949இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக ஹன்சா மேத்தா பொறுப்பேற்றார். நம் தமிழகத்தில் 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை வே. வசந்தி தேவி வழிநடத்தினார். ஆற்றல் உண்டு என்பது எப்போதோ மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆராய வேண்டியது வழியைப் பற்றியே ஆகும்.

இதற்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் வரலாறு தக்கதொரு சான்று. 1920இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் போபாலை ஆண்ட பேகம் சுல்தான் ஜஹான். ஆனால், அன்றாட நிருவாகத்தை நடத்தும் துணைவேந்தர் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்து சேர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு உளவியல் பேராசிரியை நயீமா காத்தூன் அப்பொறுப்பை ஏற்றார். இடைப்பட்டவை 104 ஆண்டுகள்! அரசி ஒருவருக்கு அளிக்கப்பட்ட உயரிய சிறப்பு, ஆசிரியை ஒருவர் படிப்படியாக ஏறி அடையும் பதவியாக மாற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவர் ஏறிய படிகளையும் எண்ணிப் பார்ப்போம். 1988இல் விரிவுரையாளர், 2006இல் பேராசிரியர், 2014இல் அலிகார் மகளிர் கல்லூரியின் முதல்வர், 2024இல் துணைவேந்தர். ஆக, 36 ஆண்டுப் பயணம். அவர் முதல்வராக விளங்கிய அம்மகளிர் கல்லூரியோ, ஷேக் அப்துல்லாவும் அவர்தம் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் சிறுமியர்க்கென நிறுவிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அன்று ஊன்றிய வித்தன்றோ பின்னாளில் தலைவியை ஈந்தது!

இப்படிகளை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். துணைவேந்தர் பதவிக்குப் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை வகுத்தது. பேராசிரியராவதற்கோ முனைவர் பட்டமும் ஆய்வு வெளியீடுகளும் தேவை. ஒரு பெண் ஆய்வைத் தொடங்கும் வயதிலேதான் திருமணமும் மகப்பேறும் வருகின்றன. அங்கே ஐந்தாண்டு தாமதமானால், பேராசிரியர் பதவி ஐந்தாண்டு தள்ளிப்போகும். தலைமைக்குத் தகுதி பெறும்போது ஓய்வு வயது நெருங்கியிருக்கும். இறுதிக் கதவை எவரும் அடைக்கவில்லை; முதற்படியில் நேர்ந்த தாமதமே அதனை அடைத்துவிடுகிறது.

அவ்வாறாயின் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, ஆய்வுக் காலத்தைக் காத்தல். முனைவர் பட்ட ஆய்வில் மகளிர்க்கு இரண்டாண்டுக் கூடுதல் காலமும், 240 நாள் வரை மகப்பேற்று அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பும் 2016ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இடம்பெற்றன. இவ்வுரிமையை அறியாது ஆய்வைக் கைவிட்டோர் இனி இருத்தலாகாது. நெறியாளரே முன்வந்து இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

இரண்டாவது, நிருவாகப் பயிற்சி. விழா வரவேற்பு, விடுதி மேற்பார்வை, கலை நிகழ்ச்சி ஆகியவற்றை ஆசிரியைகளிடம் ஒப்படைத்துவிட்டு, நிதிக் குழு, கட்டடக் குழு, தேர்வுப் பணி ஆகியவற்றை ஆடவரே வைத்துக்கொள்ளும் வழக்கம் பல கல்விக்கூடங்களில் உண்டு. பின்னர்த் தேர்வுக் குழு 'நிருவாக அனுபவம் யாது?' என வினவும்போது அவர்கள் எதைக் காட்டுவர்? வரவு செலவுத் திட்டத்தை வரையவும் விதிகளைப் பொருள்கொள்ளவும் இளமையிலேயே வாய்ப்பளித்தல் வேண்டும். உயர்கல்வி மகளிர் மேலாளர்க்கான திறன் வளர்ப்புப் பயிலரங்குகளை மானியக் குழு முன்பு நடத்தியதன் நோக்கமும் இதுவே.

மூன்றாவது, தேர்ந்தெடுக்கும் முறை. தேடுதல் குழுவிலேயே மகளிர் இடம்பெற வேண்டும். தாமாக விண்ணப்பிக்கத் தயங்கும் தகுதியுடையோரைப் பெயர் சுட்டி அழைத்தலும் வேண்டும். 'தகுதிக்குக் குறைவு நேருமே' என்பார் சிலர். நாம் வேண்டுவது தகுதியைத் தளர்த்துதல் அன்று. தகுதியுடையோர் எவரையும் காணாது விடாமையே ஆகும்.

நான்காவது, இல்லத்தின் துணை. மாலை ஐந்து மணிக்குமேல் நீளும் கூட்டமும் வெளியூர்ப் பயணமும் தலைமைப் பணியில் தவிர்க்க இயலாதன. அந்நேரத்தில் வீட்டுப் பொறுப்பைத் தந்தையும் கணவரும் சகோதரரும் பகிர்ந்துகொள்ளாவிடில், எந்த விதிமுறையும் பயன் தராது. 'ஏன் இவ்வளவு நேரம்?' என்னும் ஒரு வினா, ஒரு பதவி உயர்வையே மறுக்கச் செய்த குடும்பங்களை நாம் அறிவோம்.

சமுதாயப் பெரியோர்களே! நம் பெண்மக்களைப் பட்டம் பெற அனுப்பினீர்கள், அது பெருந்தொண்டு. அவர்கள் பணியாற்றவும் இசைந்தீர்கள், அதுவும் நன்று. இனி அவர்கள் தலைமை ஏற்கும்போது உடன்நிற்பதே எஞ்சியுள்ள கடமை. மாணவியரே! இன்று நீங்கள் எழுதும் முதல் ஆய்வேடே பிற்காலத் தலைமைக்கு இடும் முதற்கல் என்பதை மறவாதீர். அலிகாரில் அப்பாதை ஒரு நூற்றாண்டைக் கடந்தது. நம்மிடத்தே அது ஒரு தலைமுறைக்குள் நிறைவேற நாம் அனைவரும் துணைநிற்போமாக!