ஈடில்லாதவர் தொழில் தொடங்கும் வழி

புதுத் தொழில் தொடங்கும் ஆற்றலை வகுப்பறையிலே கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. அமெரிக்காவின் ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் 1947ஆம் ஆண்டு மைல்ஸ் மேஸ் என்னும் ஆசிரியர் அதற்கெனத் தனிப் பாடமொன்றை நடத்தினார். போர்க்களத்திலிருந்து மீண்டோர் பலர் அவ்வகுப்பிற் பயின்றனர். இன்று முயற்சியாண்மை என்னும் பாடம் வணிக நிருவாக முதுமாணிப் படிப்புகளில் வேரூன்றிவிட்டது.

பொருளை வாங்குவோர் யாவர், முதல் எவ்வளவு, இட்ட பணம் எப்பொழுது மீளும் என மாணவர் கணக்கிட்டுத் திட்டம் வரைவர். முதலுக்கு வங்கிக் கடன் என எழுதிவிடுவதும் உண்டு. வங்கியோ ஈடு கேட்கும். சபரகமுவ மாகாணத்தில் இத்திட்டம் இடறும் இடம் இதுவே.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோரிற் பெரும்பாலோருக்குத் தாம் வாழும் லயத்து அறைக்கு உறுதி இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் தொழிலாளி நிலமற்றவராகவே நின்றார். அயற்கிராமத்துச் சிற்றுடைமையாளருக்கோ ஒரு காணித் துண்டேனும் ஈடாக உண்டு.

ஈடின்றித் தொழில் நடத்தும் முறை இம்மாகாணத்திலேயே இருக்கின்றது. இரத்தினபுரியின் மாணிக்கக் குழியில் நிலத்துக்குரியவர், அனுமதிப்பத்திரம் பெற்றவர், பணம் இடுபவர், நீரிறைக்கும் இயந்திரத்துக்கு உடையவர், குழியில் இறங்குவோர் ஆகிய அனைவரும் பங்காளிகள். கல் விலைப்பட்டபின் செலவு கழித்துப் பங்கு பிரிப்பர்; கல் கிடையாவிடின் இட்ட பணம் போயிற்று. நட்டத்தில் பங்கேற்கும் முதலுக்குப் பாடநூல்கள் பெரும்பெயர் சூட்டியிருக்கின்றன. குழியில் நிற்பவருக்கு அப்பெயர் தெரியவேண்டியதில்லை. ஆயினும் இம்முறையைப் புகழ்ந்து மட்டும் கற்பிப்பது பிழை. மண் சரிந்தால் உயிர் துறப்பவர் அடியில் நிற்பவரே.

பெலிகுல்ஓயாவில் 1990களில் எழுந்த சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடம் உண்டு. பலாங்கொடைத் தோட்டங்கள் அதற்குத் தொலைவில் இல்லை. இத்தகைய இடத்து மாணவருக்கு ஏற்ற பயிற்சியொன்று உண்டு. பெருந்தோட்டக் கம்பனிகள் சில, தேயிலைச் செடிகள் உள்ள பகுதியைத் தொழிலாளர் குடும்பத்திடம் ஒப்படைத்து, கொழுந்தின் வருவாயைப் பகிர்கின்றன. அவ்வொப்பந்தத்தை மாணவர் குடும்பத்தோடு அமர்ந்து வாசிக்கலாம். கொழுந்தின் விலையைக் குறிப்பவர் யார்? உரச்செலவு யாருடையது? புதிதாக நட்ட தேயிலை பயன்தர மூன்று ஆண்டேனும் செல்லும். ஒப்பந்தம் அதற்குள் முடியுமாயின், முதிர்ந்த செடியைப் பிடுங்கிப் புதுக்கன்று நடும் செலவை ஏற்பவர் யார்?