கும்பிட ஆளில்லாத தெய்வங்கள்

தெய்வத்துக்கும் சாவு உண்டா? 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில் உண்டு. கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயதிலேயே கற்பனை செய்யத் தொடங்கிய அந்த உலகம், 1987-இல் விளையாட்டுத் தொகுப்பாக வெளிவந்தது.

அங்கே தெய்வங்களுக்கும் மேலே ஏயோ என்றொருவர் இருக்கிறார். அவருடைய விதிப் பலகைகளை இரண்டு தெய்வங்கள் திருடிவிட, சினம் கொண்ட அவர் எல்லாத் தெய்வங்களையும் மானிட உடலில் மண்ணுக்குத் தள்ளினார். தப்பியவர் காவல் தெய்வமான ஹெல்ம் மட்டுமே. விண்ணுலகப் படிக்கட்டைக் காப்பது அவர் பொறுப்பு. மாயவித்தையின் தேவி மிஸ்ட்ரா அந்தப் படியேற வந்தாள். ஹெல்ம் விடவில்லை. மோதலில் அவள் மாண்டாள். கடமை தவறாத ஒருவர் கையாலேயே ஒரு தேவி இறந்த இந்தக் கட்டம்தான் கதையின் உயிர். பின்னர் மிட்நைட் என்ற மானிடப் பெண் அவள் இடத்தில் அமர்ந்தாள்.

கலகம் அடங்கியதும் ஏயோ புது விதி வகுத்தார். இனி தெய்வத்தின் வலிமை, பக்தர்களின் எண்ணிக்கையையும் பக்தியின் ஆழத்தையும் பொறுத்தது. கும்பிட ஆளில்லாத தெய்வம் தேய்ந்தே போகும்.

இறந்த தெய்வங்களின் உடல்கள் கல்லாகி, அஸ்ட்ரல் வெளியில் தீவுகள்போல மிதக்கும். அப்படியொரு உடலின் மேல்தான் கித்யாங்கி இனத்தார் டுனராத் என்ற நகரையே கட்டிக் குடியிருக்கிறார்கள்.

கொலைத் தெய்வம் பாஆல் தன் சாவை முன்பே அறிந்து, பிள்ளைகளைப் பெற்று உலகில் விட்டுச்சென்றது. 1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டில், ஆடுபவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவராகத்தான் களமிறங்குகிறார்.